ஒரு மூட்டை எப்படி இருபது ஆகிறது

கேள்வி இது. மலேசியாவில் தோட்டத்தை ஒட்டிய சிறு பட்டணம். கடை வரிசைக்குப் பின்னால் உள்ள சந்தில் யாரோ ஒருவர் ஒரு குப்பை மூட்டையை வைத்தார். இப்போது தினமும் அங்கே குவியல். கோயில் திருப்பணிக்கு முன்னால் நிற்பவர்கள், பிள்ளைகளைக் கண்டித்து வளர்ப்பவர்கள்கூட அங்கேயே கொண்டுபோய் வைக்கிறார்கள். பலகை வைத்தாயிற்று, அபராதம் என்று எழுதியாயிற்று, தாமான் (குடியிருப்புப் பகுதி) வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுத் திட்டியாயிற்று. ஒருவரைப் பார்த்துத்தான் மற்றவர் விதியை மீறுகிறாரா? எப்படி நிறுத்துவது?

ஆமாம், பெரும்பாலும் பார்த்துத்தான். ஆனால் எதைப் பார்த்து என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சந்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இரவு பத்து மணிக்கு மூட்டையோடு வருகிறவர் கண்ணில் படுவது, ஏற்கெனவே அங்கிருக்கும் மூட்டைதான். முதல் மூட்டையை வைத்தவருக்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். ஹரி ராயா விடுமுறையில் லோரி வராமல் இருந்திருக்கலாம், ரோரோ தொட்டி (லோரி தூக்கிப்போகும் பெரிய பொதுக் குப்பைத் தொட்டி) நிரம்பி வழிந்திருக்கலாம், வீட்டில் மீன் கழிவு நாறியிருக்கலாம். அந்தக் காரணம் அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது. மூட்டை மட்டும் அங்கேயே நிற்கிறது. அடுத்து வருகிறவருக்கு அது சொல்லும் சேதி, இங்கே வைக்கலாம், யாரும் கேட்பதில்லை என்பதுதான். சின்னச் சின்ன மீறல்கள் ஊரில் பரவுவது பெரும்பாலும் இப்படித்தான். காரணம் பின்தங்கிவிடும், தடயம் மட்டும் ஊருக்குத் தெரியும்.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் சால்டினியும் அவருடைய சகாக்களும் 1990-இல் வெளியிட்ட சோதனை ஒன்று அமெரிக்காவில் ஒரு கார் நிறுத்தக் கட்டடத்தில் நடந்தது. கார்க் கண்ணாடியில் ஒரு துண்டுத் தாளைச் செருகி வைத்துவிட்டு, காருக்கு வருகிறவர் அதைத் தரையில் போடுகிறாரா என்று பார்த்தார்கள். தரை சுத்தமாக இருந்தபோது 14 விழுக்காட்டினர் போட்டார்கள். ஏற்கெனவே தாள்கள் சிதறிக் கிடந்தபோது 32 விழுக்காடு. சிதறிக் கிடந்த இடத்தில், கண்ணெதிரே ஒருவர் (அவர் ஆய்வாளர்களின் ஆள்) தாளைக் கீழே போட்டுவிட்டு நடந்தபோது 54 விழுக்காடு. இதுவரை எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். நான்காவது எண்தான் முக்கியம்: சுத்தமான இடத்தில் ஒருவர் தாளைப் போடுவதைக் கண்டபோது, போட்டவர்கள் 6 விழுக்காட்டினர்தான். யாரும் போடாதபோது இருந்ததைவிடக் குறைவு. தரை பளிச்சென்று இருக்கும்போது ஒருவர் குப்பை போட்டால், பார்க்கிறவருக்கு "இங்கே யாருமே போடுவதில்லை, இவர் மட்டும் போடுகிறாரே" என்று உறைக்கிறது.

அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் தரையில் கிடந்த தாள்களின் எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லாதபோது 18 விழுக்காட்டினர் போட்டார்கள். ஒரே ஒரு தாள் கிடந்தபோது 10, இரண்டுக்கு 20, நான்குக்கு 23, எட்டுக்கு 41, பதினாறுக்கு 40. நான்குக்கும் எட்டுக்கும் நடுவில் எங்கோ அந்த இடத்தின் பெயர் மாறிவிடுகிறது. அதுவரை "யாரோ ஒருவர் தப்பு செய்த இடம்", அதற்குப் பிறகு "குப்பை போடும் இடம்". எட்டு பதினாறானபோது பெரிய மாற்றம் இல்லை. உங்கள் சந்துக்கு இது சொல்வது என்னவென்றால், இருபது மூட்டையைப் பத்தாகக் குறைத்துவிட்டுப் பாதி வென்றதாக நினைக்கக் கூடாது. ஒன்று இரண்டுக்கு மேல் போகவிடாமல் பிடிப்பதில்தான் பலன். துண்டுத் தாளின் கணக்கு மூட்டைக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் சந்தின் எல்லை மூன்றாக இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். எல்லை என்று ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்தில் நடந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. ஒரு விதி மீறப்பட்ட தடயம் இன்னொரு விதியையும் தளர்த்துகிறது என்று அது காட்டியது. சைக்கிள் நிறுத்தும் சந்தில் சுவர் சுத்தமாக இருந்தபோது, கைப்பிடியில் மாட்டியிருந்த விளம்பரத் தாளைக் கீழே போட்டவர்கள் 33 விழுக்காடு. சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69. இன்னோர் இடத்தில் வேலி வைத்து, அதன் இடைவெளி வழியாக நுழையக்கூடாது, வேலியில் சைக்கிளைப் பூட்டக்கூடாது என்று இரண்டு அறிவிப்புகள் வைத்தார்கள். சைக்கிள்கள் வேலியில் பூட்டப்படாமல் இருந்தபோது 27 விழுக்காட்டினர் நுழைந்தார்கள், பூட்டப்பட்டிருந்தபோது 82. தபால் பெட்டியிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த, உள்ளே ஐந்து யூரோ தெரியும் உறையை எடுத்துக்கொண்டவர்கள் சுத்தமான சூழலில் 13 விழுக்காடு, கிறுக்கல் இருந்தபோது 27.

அதனால் அந்தச் சந்துக்குப் போய்ப் பார்க்கும்போது மூட்டையை மட்டும் பார்க்காதீர்கள். மின்கம்பத்தில் ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) கடன் விளம்பர ஸ்டிக்கர் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா, கால்வாய் மூடி உடைந்திருக்கிறதா, கடைக்காரர் சட்டவிரோதமாகக் கூரையை நீட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். இதை வைத்துக்கொண்டு போலீஸ் கடுமைதான் தீர்வு என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நியூயார்க்கில் 1990-களில் அப்படிச் செய்தார்கள், குற்றமும் குறைந்தது. ஆனால் அப்படிச் செய்யாத பல நகரங்களிலும் அதே காலத்தில் குறைந்தது. கண்ணுக்குத் தெரியும் சீர்கேட்டை நீக்குவது வேறு, ஆளைப் பிடித்து நெருக்குவது வேறு.

மற்றவர் மீறுவதைப் பார்ப்பவர் மனத்தில் மூன்று வேறு வேறு விஷயங்கள் நடக்கலாம், மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவது, இங்கே இதுதான் வழக்கம் என்ற தகவல். குப்பை மூட்டை இந்த வகை. இரண்டாவது, பிடிபட மாட்டோம் என்ற தெம்பு. தோட்டச் சாலையில் ஹெல்மட் இல்லாமல் மோட்டாரில் கடைக்குப் போய்வருவது இந்த வகை. ரோட் பிளாக் எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது, நான் மட்டும் ஏமாளியா என்ற கேள்வி. தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தில் வாசலில் இரண்டாவது வரிசையாகக் கார் நிறுத்துவதைப் பாருங்கள். ஒழுங்காகக் கோட்டுக்குள் நிறுத்தியவர் வெளியே வர முடியாமல் கால் மணி நேரம் மாட்டிக்கொள்கிறார். மறுநாள் அவரும் இரண்டாவது வரிசைக்கு வந்துவிடுகிறார். அவரிடம் ஒழுக்கம் பேசிப் பயனில்லை. கோட்டுக்குள் நிறுத்தினால் நஷ்டம் இல்லை என்று ஆக்க வேண்டும்: வாசலுக்கு முன் ஐந்தாறு கூம்புகள், இரண்டு பெற்றோர் தொண்டர்கள், பிள்ளைகளை வகுப்புவாரியாக ஐந்து நிமிட இடைவெளியில் விடுவது. உங்கள் பிரச்சினை எந்த வகை என்று தெரியாமல் மருந்து கொடுப்பதால்தான் பல ஊர்களில் பலகை துருப்பிடித்து நிற்கிறது.

இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு: சாக்கு. 23 நாடுகளின் இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வந்தது. மலேசியாவும் அதில் உண்டு. யாரும் பார்க்காமல் ஒரு கோப்பைக்குள் பகடையை இரண்டு தடவை உருட்ட வேண்டும், முதல் தடவை விழுந்த எண்ணை மட்டும் சொல்ல வேண்டும், எண்ணுக்கேற்பப் பணம். ஊழலும் வரி ஏய்ப்பும் அதிகமுள்ள நாடுகளில் அதிகப் பணம் கேட்டார்கள். ஆனால் எங்குமே முழுப் பொய் சொன்னவர்கள் சிலர்தான். பெரும்பாலோர் முழுக்க நேர்மையாகவும் இல்லை. விழுந்த இரண்டு எண்களில் பெரியதைச் சொன்னதுபோன்ற கணக்குத்தான் வந்தது. கண்ணால் கண்ட எண்ணைத்தானே சொன்னேன் என்று மனத்தைச் சமாதானப்படுத்தும் வழி அது. உங்கள் சந்தில் மூட்டைகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் வாய் இறுகக் கட்டி, மற்ற மூட்டைகளோடு ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். வீசி எறியவில்லை, ஒழுங்காக அடுக்கித்தானே வைத்தேன் என்று வைத்தவர் நினைக்கிறார். கோயிலுக்குப் பாடுபடுகிறவரும் அங்கே வைப்பதற்கு விளக்கம் இதுதான். அவர் தம்மை விதி மீறியவராகவே கருதவில்லை.

பரவும் விதத்தைத் தோட்டத்திலேயே கிட்டப்போய்ப் பார்க்கலாம். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும்போது காம்பைக் குட்டையாக நறுக்க வேண்டும். மலேசியச் செம்பனை வாரியத்தின் தர நிர்ணயப்படி 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் அது நீளக் காம்புக் குலை. காம்பில் எண்ணெய் இல்லை, எடை மட்டும் உண்டு. ஆலையில் அதற்காக எடையைக் கழிப்பார்கள். எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கு நீளக் காம்பு கொஞ்சம் லாபம், நறுக்கும் வேலையும் மிச்சம். காலையில் ஒருவர் அரிவாள் மழுங்கிப்போய் மூன்று குலைகளை நீளக் காம்போடு பிளாட்பாரத்தில் (குலை சேர்க்கும் இடத்தில்) போட்டுவிட்டுப் போகிறார். பக்கத்து நிரையில் வெட்டுகிறவருக்கு அரிவாள் மழுங்கிய கதை தெரியாது. அவர் காண்பது, நீளக் காம்போடு குலைகள் வரிசையில் கிடக்கின்றன, மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒன்றும் சொல்லவில்லை என்பதை. மத்தியானத்துக்குள் இன்னும் சிலவற்றில் காம்பு நீண்டிருக்கும். விவரம் தெரிந்த மண்டோர் காலைச் சுற்றிலேயே அந்த மூன்றையும் வெட்டியவரை அழைத்து அங்கேயே நறுக்க வைத்துவிடுவார், சத்தம் போடாமல். மறுநாள் பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) நின்று "நேற்றுப் பாதிப் பேர் நீளக் காம்பு!" என்று கத்துகிற மண்டோர், ஒழுங்காக நறுக்கிய மீதிப் பாதிக்கும் சேதி சொல்லிவிடுகிறார்.

அந்தக் கத்தலைத்தான் உங்கள் பலகையும் செய்கிறது. அமெரிக்காவில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்காவில், வருகிறவர்கள் துண்டுகளை எடுத்துப்போவது பெரிய தொல்லை. பலர் எடுத்துப்போய்ப் பூங்காவையே மாற்றிவிட்டார்கள் என்று வருந்தும் பலகை வைத்த பாதையில், அடையாளமிட்டுப் போட்டிருந்த துண்டுகளில் 7.92 விழுக்காடு களவு போயின. எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்ட பாதையில் 1.67. ஆகவே "இங்கே தினமும் குப்பை கொட்டுகிறீர்களே, வெட்கமில்லையா" என்ற வாசகத்தை இன்றே கழற்றுங்கள். அதற்குப் பதிலாக எங்கே போட வேண்டும், எப்போது லோரி வரும், பெரிய சாமானுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்: "குப்பைத் தொட்டி 40 மீட்டர் இடப்பக்கம். லோரி செவ்வாய், வெள்ளி காலை. மெத்தை, அலமாரிக்கு இந்த எண்ணை அழைக்கவும்." தமிழில் மட்டும் போதாது. மலாய் கட்டாயம் வேண்டும். தோட்டத்தில் இன்று இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள் இருக்கிறார்கள்; அம்புக்குறியும் தொட்டிப் படமும் எல்லாருக்கும் புரியும். "வெளிநாட்டுக்காரன்தான் போடுகிறான்" என்று சொல்லிக்கொள்கிற ஊரில், ஊர்க்காரர் மூட்டை கணக்கிலேயே வராது. அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் படத்தையும் நிறுத்துங்கள். இருநூறு பேர் உள்ள குழுவில் நூற்றைம்பது பேர் அந்தச் சந்துப் பக்கமே போவதில்லை. தினமும் காலையில் குவியல் படத்தைப் பார்க்கும் அவர்களுக்கு, ஊரே அங்கேதான் போடுகிறது என்று நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள். பெரும்பாலோர் ஒழுங்காக இருந்தால் அந்த உண்மையைச் சொல்லுங்கள். பிரிட்டனில் வரி பாக்கிக் கடிதத்தில், பத்தில் ஒன்பது பேர் காலத்தோடு கட்டுகிறார்கள் என்ற வரியைச் சேர்த்தபோது வசூல் கூடியது. நீங்களும் "நம் தாமானில் 120 வீட்டில் 105 வீட்டார் தொட்டியில்தான் போடுகிறார்கள்" என்று எழுதலாம். ஆனால் எண்ணிப் பார்த்து, உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்; பொய்க் கணக்கைச் சந்தில் நடக்கும் எவரும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

அபராதம் பற்றி. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பிள்ளைகளைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்குச் சில பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் சிறு அபராதம் போட்டன. தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரு மடங்கானது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2000-இல் வெளிவந்த ஆய்வு இது. ஆசிரியைக்குத் தொந்தரவு தருகிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்து வாங்கும் சேவையாகிவிட்டது. தாமான் சங்கம் 10 வெள்ளி (ரிங்கிட்) தண்டம் போட்டால் இதே கதைதான். சட்டப்படியான தண்டனை வேறு: 2026 ஜனவரி முதல் பொது இடத்தில் சிறு குப்பை போட்டதற்கு 2,000 வெள்ளி வரை அபராதத்தோடு 12 மணி நேரம் வரை சமூக சேவையும் விதிக்கலாம். நாலு பேர் பார்க்கத் தெருவைக் கூட்டுவது, இங்கே இது ஏற்கப்படாது என்று ஊருக்குத் தெரியக் காட்டுகிறது. ரகசியமாகக் கட்டிய அபராதம் யாருக்கும் எதையும் காட்டாது. தண்டிக்கும் வேலையை அமலாக்க அதிகாரிகளிடம் விட்டுவிடுங்கள். முகம் தெரியும் படத்தைச் சங்கமே பரப்பினால் பகை வளரும், மூட்டை குறையாது.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் வேரைப் பாருங்கள்: முதல் மூட்டை ஏன் வந்தது? ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும். 672-ஆம் சட்டத்தை (திடக்கழிவு நிர்வாகச் சட்டம்) ஏற்ற கெடா, பெர்லிஸ், பகாங், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர் மாநிலங்களில் வீட்டுக் குப்பைக்கு வாரம் இரண்டு நாள், மறுபயனீட்டுப் பொருளுக்கும் பெரிய சாமானுக்கும் ஒரு நாள் என்ற ஏற்பாடு இருக்கிறது. மற்ற மாநிலங்களில் நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ நாள் வகுக்கிறது. அந்த நாள் தெரியாதவர்களின் பழைய மெத்தைதான் பல சந்துகளில் முதல் விதை. லோரி அட்டவணையையும் தொட்டியின் அளவையும் சரிசெய்யாமல் மற்றது எதையும் தொடாதீர்கள். போட இடமில்லாதவரிடம் விதி பேசுவது அநியாயம்.

பிறகு ஒரே நாளில் முழுவதும் சுத்தம் செய்யுங்கள். பாதி இன்று, பாதி அடுத்த ஞாயிறு என்றால் நடுவிலேயே நிரம்பிவிடும். தரையைக் கழுவி, ஸ்டிக்கரைச் சுரண்டி, விளக்கை மாற்றி, அன்றே புதுப் பலகையை வையுங்கள். அடுத்த மூன்று வாரம்தான் உயிர்நாடி. இரவு ஏழு மணிக்கு முன்பும் காலை ஆறரைக்கு முன்பும் ஒருவர் போய், ஒரு மூட்டை இருந்தாலும் எடுத்துத் தொட்டிக்குள் போட வேண்டும். இரவில் வருகிறவர் சுத்தமான தரையைக் காண வேண்டும் என்பதே நோக்கம். ஒரே ஆள் தலையில் கட்டாமல் நான்கு பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தோடு ஓய்ந்துபோவதுதான் வழக்கமான தோல்வி. சாமி படம் வைத்தால் போட மாட்டார்கள் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அது அரசாங்க நிலம். பிறகு படத்தை எடுப்பது குப்பையை எடுப்பதைவிடப் பெரிய தகராறாகும்.

யார் முன்னால் நடக்கிறார் என்பதும் எடை உள்ளது. 1955-இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் செய்த பழைய சோதனையில், கோட்டும் டையும் அணிந்தவர் சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்தபோது பின்னால் போனவர்கள், அதே ஆள் அழுக்குச் சட்டையில் கடந்தபோது போனவர்களைவிடப் பல மடங்கு. உங்கள் ஊரில் அந்த இடத்தில் கோயில் தலைவர், தலைமையாசிரியர், மளிகைக்கடை முதலாளி, பழைய கிராணி (தோட்ட எழுத்தர்) இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மூட்டையைத் தொட்டிக்குத் தூக்கிப்போவதை நாலு பேர் பார்ப்பது பத்துப் பலகைக்குச் சமம். அவர்களில் ஒருவரின் வேலையாள் சந்தில் வைத்தால் உங்கள் உழைப்பு முழுதும் வீண். முதலில் அவர்களிடம் தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதில் நேரம் செலவழிக்காதீர்கள். படிவத்தின் மேற்பக்கத்திலேயே கையெழுத்து வாங்கினால் நேர்மை கூடும் என்று பேர் வாங்கிய 2012 ஆய்வு, தரவில் மோசடி தெரிந்ததால் 2021-இல் திரும்பப் பெறப்பட்டது.

திருவிழாவுக்கும் இதே கணக்குத்தான். தண்ணீர்ப் பந்தலில் தொட்டியைப் பந்தலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மோர் வாங்கியவர் குடித்துக்கொண்டே நடப்பார், கோப்பை காலியாவது இருபது முப்பது அடி தள்ளி. அங்கே ஒன்று, அதற்கப்பால் ஒன்று. தரையில் விழும் முதல் பத்துக் கோப்பைகளை எடுக்க, கூட்டம் வருவதற்கு முன்பே ஒரு பையனை நிறுத்துங்கள்; மத்தியானத்துக்கு மேல் இருபது பேர் செய்ய வேண்டிய வேலையை அவன் மிச்சப்படுத்துவான்.

பலன் இருக்கிறதா என்று அறிய, தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் தினமும் காலை ஒரே நேரத்தில் மூட்டையை எண்ணிக் குறித்து வையுங்கள்; பிறகு நான்கு வாரம் அதேபோல். தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஹரி ராயா வாரங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது எப்படியும் ஏறும். அந்த வாரங்களுக்கு ஒரு மாதம் முன்பே கூடுதல் ரோரோ தொட்டி கேட்டுக் கடிதம் கொடுத்துவிடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு.